‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லாமல் இருக்கப் பழகுதல்

(ஆதரவாளர்களின் ஆண்டுக் கூடுகையில் எங்கள் குழந்தை நலப் பிரிவின் சார்பில் அளித்த உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் இந்த மருத்துவமனையை இருபது, முப்பது ஆண்டுகளாகத் தாங்கி வருகிறீர்கள். கட்டில்கள் தந்தீர்கள், ஜீப் வாங்கித் தந்தீர்கள், தடுப்பூசி மருந்து கெடாமல் வைக்கக் குளிர்பெட்டி தந்தீர்கள். குளிர்பெட்டி இன்றும் நன்றாக ஓடுகிறது. அதில் இருக்கும் மருந்து இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்கிறதா என்று காலையிலும் மாலையிலும் பார்த்து எழுதி வைக்கிறோம். மருந்தைக் காப்பாற்றும் வழி நமக்குத் தெரியும். அந்த மருந்தைப் பற்றித் தாய்மாரிடம் பேச இளம் மருத்துவர்களை எப்படிப் பழக்குகிறோம், எங்கே பழக்காமல் விட்டிருக்கிறோம் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். அன்று காலை எட்டு மணிக்கே வெளி வராந்தாவில் உட்கார இடமிருக்காது. ஆறு வாரக் குழந்தையோடு வந்த ஒரு தாய், முதல் ஊசிக்கு முன் டாக்டரைப் பார்த்துக் கேட்பாள்: “ஊசி போட்டா பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுமா டாக்டர்?” கல்லூரி முடித்து இரண்டு ஆண்டு சேவைக்காக நம்மிடம் வந்திருக்கும் பிள்ளை, நல்ல மனதோடுதான், “ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதீங்க” என்று சொல்வார்.

அன்று இரவு குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. தொடை வீங்கிச் சிவக்கிறது. தொட்டால் அலறுகிறது. ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியில் கக்குவான் இருமலுக்கான பகுதி முழுச் செல் மருந்து. அதைப் போட்ட குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் காய்ச்சலோ வீக்கமோ வரலாம் என்பது எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஓரிரு நாளில் அடங்கிவிடும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அந்தத் தாயின் கையில் இருப்பது பாடப் புத்தகம் அல்ல, டாக்டர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். பக்கத்தில் மாமியார் இருக்கிறார். “ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாரே உங்க டாக்டரு, இப்ப பாரு!” அந்த வீட்டில் பத்தாவது வார ஊசிக்கு யாரும் புறப்படுவதில்லை. வராமற் போன குழந்தைகளின் வீட்டுக்கு எங்கள் சகோதரிகள் போய்க் கேட்கும்போது திரும்பத் திரும்பக் காதில் விழுவது இந்தக் கதைதான். ஊசியினால் வந்த காய்ச்சலை அவர்கள் பெரிதாகச் சொல்வதில்லை. “சொல்லவே இல்லையே” என்பதைத்தான் சொல்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகள் படிக்காதவர்களா? இல்லை. நாலரை ஆண்டு படிப்பு, ஓர் ஆண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. நுண்ணுயிரியலில் ஒருமுறை, சமுதாய மருத்துவத்தில் ஒருமுறை, குழந்தை மருத்துவத்தில் ஒருமுறை என மூன்று இடங்களில் தடுப்பூசியைப் படித்துவிட்டு வருகிறார்கள். பி.சி.ஜி.யில் இருப்பது டேனிஷ் 1331 என்ற வகை, தட்டம்மை ஊசியில் இருப்பது எட்மன்ஸ்டன்-ஜாக்ரெப் வகை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். எந்த ஊசி எந்தத் தொடையில், எந்தக் கையில், எத்தனை மில்லி, எல்லாம் மனப்பாடம். வாய்மொழித் தேர்வில் அதைத்தான் கேட்பார்கள். “ஏதாச்சும் ஆயிடுமா டாக்டர்?” என்று எந்தத் தேர்வாளரும் கேட்டதில்லை. எந்தத் தாயும் வேறு எதையும் கேட்பதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் கிராம சுகாதார செவிலியருக்கு நான்கு செய்திகள் கற்றுத் தருகிறார்கள். இன்று போட்டது என்ன ஊசி, எந்த நோயைத் தடுக்கும் என்பது ஒன்று. என்ன சிறு தொந்தரவு வரலாம், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது இரண்டு. அடுத்து எப்போது, எங்கே வர வேண்டும் என்பது மூன்று. அட்டையைப் பத்திரமாக வைத்து அடுத்த முறை கொண்டு வர வேண்டும் என்பது நான்கு. ஒவ்வொரு குழந்தைக்கும், ஒவ்வொரு ஊசிக்கும் இந்த நான்கையும் சொல்லியாக வேண்டும். நர்சம்மா சொல்கிறார். எம்.பி.பி.எஸ். முடித்தவர் அந்த இரண்டாவது செய்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்! ஆகவே நம்மிடம் வருகிற இளம் மருத்துவர்களை முதல் புதன்கிழமை ஊசி அறையில் சும்மா நிற்கச் சொல்கிறோம். ஒன்றும் செய்ய வேண்டாம், சகோதரிகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருங்கள் என்கிறோம். சிலருக்கு முதலில் மனத்தாங்கல்தான். மதியத்துக்குள் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவிடுகிறார்கள்.

கல்லூரிகளிலும் மாற்றம் வந்திருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். 2019-இல் சேர்ந்த மாணவர்கள் முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் புதிதாக்கப்பட்டது. மனப்பாங்கு, அறநெறி, பேசும் திறன் ஆகிய மூன்றையும் சேர்த்து 27 பாடப் பகுதிகள் நான்கு கட்டங்களாக உள்ளே வந்தன. குழந்தை மருத்துவத்தில் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வது, ஊசிக்குப் பின் வரும் கெடு விளைவுகள், அவற்றைப் பதிவு செய்வது, சட்டப் பொறுப்பு ஆகியவை ‘பாதுகாப்பாகத் தடுப்பூசி போடுதல்’ என்ற தலைப்பின் கீழேயே வைக்கப்பட்டன. முன்பு வாத்தியாரைப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டதை இப்போது பாடம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இது நல்ல காரியம். ஆனால் ஒரு வகுப்பில் நூற்றைம்பது பேர், இருநூற்றைம்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது பேசிப் பழகுவது எப்படி நடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நீச்சலைக் கரும்பலகையில் கற்றவர்களாகத்தான் பலர் வருகிறார்கள்.

இன்னொரு தடை மொழி. படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில். பேச வேண்டியது தமிழில், அதுவும் வட ஆற்காட்டுத் தமிழோ மதுரைத் தமிழோ எதுவோ. ‘பக்கவிளைவு’ என்று ஒரு பிள்ளை அழகாகச் சொன்னார், எதிரே இருந்த அம்மா, “பின்னாடி வருமா?” என்று கேட்டார். வளர்ந்த பின் வரும் ஊனம் என்று அவர் எண்ணிக்கொண்டார். இப்போது நாங்கள் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டோம். “இன்னைக்கு ராத்திரி காய்ச்சல் வரலாம், ஊசி போட்ட இடம் வீங்கலாம், ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்றால் யாருக்கும் புரியும். பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரங்கள் கழித்துச் சிறு கட்டி வந்து, புண்ணாகி, ஆறித் தழும்பாகும் என்று முன்கூட்டியே சொன்னால் அதன் மேல் யாரும் எதையும் அரைத்துப் பூச மாட்டார்கள். தட்டம்மை-ருபெல்லா ஊசியின் காய்ச்சல் அன்று வராது, ஒரு வாரம் பத்து நாள் கழித்து வரும், உடம்பில் லேசாகப் பொரியவும் செய்யலாம். இதைச் சொல்லாவிட்டால் தாய் வேறு ஏதோ நோய் என்று பயந்து அலைவாள்.

எண்களைச் சொல்வது இதைவிடக் கடினம். ‘பத்து லட்சத்தில் ஒன்று’ என்பது மருத்துவருக்கு மிகச் சிறிய எண். தாயின் காதில் விழுவது அந்த ‘ஒன்று’ மட்டுமே. அது தன் பிள்ளையாக இருந்துவிட்டால்? ஆகவே எண்ணைக் கண்ணால் பார்க்கிற அளவுக்குக் கொண்டுவரப் பழக்குகிறோம். ஊசி போட்ட சில நிமிடங்களில் உடம்பு முழுவதும் தடித்து, மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் விழும் கடும் ஒவ்வாமை, தவணைக் கணக்கில் பத்து லட்சத்துக்கு ஏறக்குறைய ஒன்று. 2011 மக்கள் தொகைக் கணக்கில் மதுரை மாநகரத்தில் இருந்தவர்கள் சுமார் பத்து லட்சம். மதுரையில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் ஊசி போட்டால் ஒருவருக்கு அப்படி வரலாம். அந்த ஒருவருக்காகத்தான் ஊசிக்குப் பின் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறோம், அதற்காகத்தான் மேசை மேல் அட்ரினலின் எப்போதும் இருக்கிறது. இப்படிச் சொன்னால் அரை மணி நேரம் காத்திருப்பதன் காரணமும் விளங்கிவிடுகிறது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போகிறவர்கள் குறைகிறார்கள்.

ஊசியின் பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்தவும் கூடாது. தட்டம்மை உள்ள ஊசிக்குப் பின் காய்ச்சலோடு வலிப்பு வருவது மூவாயிரம், நாலாயிரம் தவணைக்கு ஒன்று. பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் எந்தப் பாதிப்பும் வைக்காமல் போய்விடும். தட்டம்மை நோயே வந்தால் ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு மூளைக்காய்ச்சல். வசதியான நாடுகளிலும் ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று குழந்தைகள் வரை இறந்திருக்கிறார்கள். சத்துக் குறைவான பிள்ளைகளிடம் இது இன்னும் அதிகம். இரண்டையும் ஒரே அளவுகோலில், ஒரே மூச்சில் வைக்க வேண்டும். ஒரு பக்கம் ‘ஆயிரத்தில் ஒன்று’ என்றும் மறு பக்கம் ‘மிக அரிது’ என்றும் சொன்னால் அது தராசின் ஒரு தட்டை விரலால் அழுத்துவது போல.

உண்மையைச் சொன்னால் ஜனங்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று மூத்த மருத்துவர்கள் சிலர் எங்களிடம் வாதிடுவதுண்டு. எண்பது தாய்மார் காத்திருக்கிறார்கள், தலைக்கு இரண்டு நிமிடம், அதில் சட்டப் புத்தகம் படிக்க முடியுமா என்பார்கள். நேரத்தைப் பற்றி அவர்கள் சொல்வது சரி. ஆனால் நாங்கள் கேட்பது சட்டப் புத்தகம் அல்ல. அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு தவணைக்கு முன்பும் பெற்றோரிடம் அச்சிட்ட தகவல் தாள் தர வேண்டும். நம் வராந்தாவில் தாள் எவ்வளவு தூரம் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். நான்கு செய்திகளைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறோம். உறுதியாக வரக்கூடியதைச் சொல்ல வேண்டும். எது வந்தால் உடனே தூக்கி வர வேண்டும் என்று சொல்ல வேண்டும். கேட்ட கேள்விக்கு மறைக்காமல் பதில் தர வேண்டும். அவ்வளவுதான்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் உதாரணங்கள் இருக்கின்றன. ஜப்பானில் 1974-75 குளிர்காலத்தில் கக்குவான் இருமல் ஊசிக்குப் பின் இரண்டு குழந்தைகள் இறந்தன. ஊசி நிறுத்தப்பட்டது, பிறகு மீண்டும் தொடங்கியபோதும் மக்கள் வரவில்லை. எண்பது சதவீதம் குழந்தைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் பத்து சதவீதம் ஆனது. 1979-இல் அந்த நாட்டில் சுமார் 13,000 பேருக்குக் கக்குவான், 41 பேர் மரணம். பிரிட்டனிலும் அதே காலத்தில், ஊசி மூளையைக் கெடுக்கிறது என்ற பயத்தில் பாதிக்கு மேற்பட்டோர் ஊசியை விட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து, 2006-இல், அப்படி ஊசியின் மேல் பழி சுமத்தப்பட்ட 14 பேரைச் சோதித்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள், அவர்களில் 11 பேருக்குப் பிறவியிலேயே ஒரு மரபணுக் கோளாறு இருந்ததைக் கண்டார்கள். ஊசியால் வந்த காய்ச்சல் முதல் வலிப்பைத் தூண்டியிருக்கலாம். நோயை உண்டாக்கியது ஊசி அல்ல. 1974-இல் எந்த மருத்துவருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை. அந்த நாளில் அவர் நேர்மையாகச் சொல்லக்கூடியது, “இன்னும் தெரியவில்லை, பார்க்கிறோம், ஆனால் கக்குவான் இருமல் என்ன செய்யும் என்பது நன்றாகத் தெரியும்” என்பது மட்டுமே. ‘தெரியவில்லை’ என்று சொல்வதையும் நாம் பயிற்சியில் சேர்த்திருக்கிறோம். படித்த பிள்ளைகளுக்கு மிகவும் கஷ்டமான பாடம் இதுவே.

உண்மையில் ஊசியே தீங்கு செய்த இடமும் உண்டு. போலியோ சொட்டு மருந்தில் இருப்பது வலுக் குறைத்த உயிருள்ள கிருமி. முதல் தவணை பெறும் சுமார் 27 லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு அந்த மருந்தே இளம்பிள்ளைவாதத்தை உண்டாக்கலாம். ஊர் முழுக்கப் போலியோ இருந்த காலத்தில் இந்த எண் மிகச் சிறியது. நம் நாட்டில் கடைசியாக இயற்கைப் போலியோ வந்தது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். நோயே இல்லாத நாட்டில் அதே எண் கனக்கத் தொடங்குகிறது அல்லவா? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் தி. ஜேக்கப் ஜான், கொல்லப்பட்ட கிருமியால் ஆன ஊசியை நம் நாட்டில் கொண்டுவர வேண்டும் என்று பல ஆண்டுகள் எழுதியும் பேசியும் வந்தவர்; சொட்டு மருந்தின் இந்தத் தீங்கை மூடி மறைக்கக் கூடாது என்பதும் அவர் வாதத்தில் அடங்கும். அவர் தடுப்பூசிக்கு எதிரியல்ல. போலியோவை ஒழிக்க அவரைப் போல் உழைத்தவர்கள் குறைவு. 2015 நவம்பரில் அந்த ஊசி நம் திட்டத்தில் வந்தது. 2016 ஏப்ரலில் மூவகைச் சொட்டு மருந்துக்குப் பதில் இருவகை மருந்து வந்தது. தடுப்பூசியை நேசிக்கிறவர்தான் அதன் குறையை முதலில் பேச வேண்டும் என்று மாணவருக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இனி நம் ஊர் காரியத்துக்கு வருகிறோம். இது கனமானது.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட சிறிது நேரத்தில் நான்கு குழந்தைகள் இறந்தன. உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதற்குப் பின் கிராமத்துக்குப் போய் ஊசி போடுவதை அரசு நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும் போடச் சொன்னது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு. ஆனால் தூரத்து ஊர்த் தாய்க்கு ஒரு நாள் கூலி போயிற்று. 2005-06 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எல்லா ஊசியும் முழுதாகப் பெற்ற குழந்தைகள் 81 சதவீதம். 2015-16-இல் 70 சதவீதம். இறக்கத்துக்கு இது ஒன்றுதான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2019-21 கணக்கெடுப்பில் 89 சதவீதத்துக்கு ஏறியிருக்கிறது. அதற்காக வீடு வீடாக நடந்த நர்சம்மாக்களை நினைக்கிறோம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ருபெல்லா ஊசி இயக்கம் நடந்தபோது வாட்ஸ்ஆப்பில் வந்த வதந்திகளால் பள்ளிக்கூட வாசலிலேயே பெற்றோர் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துப் போனார்கள். 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் கொரோனா ஊசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் காலமானார். மற்றவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று எடுத்துக்காட்டாக முன்வந்தவர் அவர். அவர் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று தேசியக் குழு அந்த ஆண்டிலேயே முடிவு சொன்னது. அந்த முடிவு வருவதற்கு மாதங்கள் ஆயின. பயம் ஒரே நாளில் பரவிவிட்டது. அந்த இடைவெளியில் மக்கள் முன் நின்றவர் யார்? ஆரம்ப சுகாதார நிலையத்தில், மிஷன் மருத்துவமனையில், இருபத்தைந்து வயது மருத்துவர்.

அவருக்கு நாம் என்ன கற்றுத் தந்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

உலக சுகாதார நிறுவனம், ஊசிக்குப் பின் வரும் எந்தக் கெடுதலையும் ஐந்து விதமாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது: மருந்தின் இயல்பால் வந்தது, மருந்து தயாரிப்பின் குறையால் வந்தது, போட்ட முறையின் தவறால் வந்தது, ஊசிப் பயத்தால் வந்தது, தற்செயலாக அதே நேரத்தில் வந்தது. இந்தக் கடைசி வகையை மாணவர்கள் எளிதாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேல் குழந்தைகள் பிறக்கும் நாடு. 2023 கணக்குப்படி ஆயிரத்துக்கு 25 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறக்கிறார்கள். எல்லாக் குழந்தைகளும் ஆறாம், பத்தாம், பதினான்காம் வாரத்தில் ஊசிக்கு வரும்போது, வேறு காரணத்தால் இறக்கவிருந்த சில குழந்தைகள் ஊசி போட்ட மறுநாள் இறப்பது கணக்கில் தவிர்க்க முடியாதது. வகுப்பறையில் இது தெளிவான பாடம்.

ஆனால் அந்தக் கணக்கை எங்கே சொல்வது? இறந்த பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாயிடமா? ‘தற்செயல்’ என்ற வார்த்தையை அந்த வீட்டில் உச்சரிக்கவே கூடாது என்று நாங்கள் கண்டிப்பாகச் சொல்கிறோம். அதை முடிவு செய்யும் அதிகாரமும் அந்த இளம் மருத்துவருக்கு இல்லை. மாவட்ட, மாநிலக் குழுக்கள் ஆராய்ந்து சொல்ல வேண்டியது. “ஊசியால் இல்லை” என்றும் அன்று சொல்லக் கூடாது, “ஊசியால்தான்” என்றும் சொல்லக் கூடாது. அவர் செய்ய வேண்டியவை சில உண்டு. போக வேண்டும். ஒளியக் கூடாது. உட்கார வேண்டும். என்ன நடந்தது என்று அவர்கள் சொல்வதை முழுக்கக் கேட்க வேண்டும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மேலே அறிக்கை அனுப்ப வேண்டும். போட்ட மருந்தின் தொகுதி எண்ணையும் மீதமுள்ள குப்பிகளையும் குளிரிலேயே பத்திரப்படுத்த வேண்டும். பிரேதப் பரிசோதனைக்கு இணங்குமாறு கேட்க வேண்டியிருக்கும்; அதை எப்படிக் கேட்பது என்பதற்கு எந்தப் புத்தகமும் வழி சொல்வதில்லை. எங்கள் மருத்துவமனையில் அதற்கு மூத்த சகோதரி ஒருவர் எப்போதும் கூடப் போகிறார். முடிவு வந்த பின் அதே ஆள் திரும்பிப் போய் அந்தப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். இந்தக் கடைசிப் படி நம் நாட்டில் பெரும்பாலும் நடப்பதில்லை. செய்தித்தாளில் ஒரு வரி வந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். பெற்றோருக்குப் பதில் வராத வீட்டிலிருந்துதான் அடுத்த பத்து வீடுகளுக்குப் பயம் போகிறது.

சட்டமும் இந்தப் பக்கமே வந்திருக்கிறது. சிகிச்சைக்கு முன் நோயாளிக்குப் போதிய விவரம் சொல்லியே சம்மதம் பெற வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொன்னது. 2022 மே மாதத் தீர்ப்பில், யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது என்றும், ஊசிக்குப் பின் வந்த கெடு விளைவுகளின் விவரம் மக்கள் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

பயிற்சியை எப்படி நடத்துகிறோம் என்று சிலர் கேட்டீர்கள். வியாழக்கிழமை மதியம், பழைய செவிலியர் விடுதிக் கூடத்தில். ஓய்வு பெற்ற ஆசிரியைகள் நான்கு பேர், சமையல் அறையிலிருந்து ஒருவர், எங்கள் டிரைவர் ஒருவர் நோயாளியின் வீட்டாராக நடிக்கிறார்கள். நடிப்பு என்று சொல்லிவிட முடியாது, அவர்கள் நிஜமாகவே வெளுத்து வாங்குகிறார்கள். ஓர் ஆசிரியை பாட்டியாக வந்தால் இளம் மருத்துவர்களுக்கு வேர்த்துவிடும்.

“எங்க காலத்துல இத்தனை ஊசி ஏது? நாங்க வளரலையா?” என்பார்.

“வளர்ந்தீங்க பாட்டி. உங்க கூடப் பொறந்தவங்க எல்லாரும் வளர்ந்தாங்களா?” என்று ஒரு பிள்ளை கேட்டார். கூடம் அமைதியாகிவிட்டது. அந்த ஆசிரியைக்கு உண்மையிலேயே தொண்டை அடைப்பானில் இறந்த ஓர் அக்கா இருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. நல்ல பதில்தான், ஆனால் இந்தக் கேள்வியை யாரிடமும் சட்டென்று கேட்டுவிடக் கூடாது என்பதையும் அன்று எல்லோருமாகப் பேசினோம்.

தொடக்கத்தை எப்படி வைப்பது என்பதையும் பழக்குகிறோம். அமெரிக்காவில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் குழந்தை மருத்துவர்கள் பெற்றோரோடு பேசிய 111 உரையாடல்களைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். “என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?” என்று தொடங்கியபோது பெரும்பாலான பெற்றோர் தயங்கினார்கள். “இன்றைக்கு இந்த ஊசிகள் போட வேண்டும்” என்று தொடங்கியபோது கால்வாசிப் பேரே தயங்கினார்கள். தயங்கியவர்களிடமும் மருத்துவர் விடாமல் எடுத்துச் சொன்னபோது ஏறக்குறையப் பாதிப் பேர் சம்மதித்தார்கள். இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது: தயக்கமில்லாமல் தொடங்கு, கேள்வி வந்தால் நில். கேள்வி வந்த பின்பும் ஓடிக்கொண்டே இருந்தால் அது வற்புறுத்தல் ஆகிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு கேள்வியை மருத்துவர் கேட்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம்: “போன ஊசிக்கு அப்புறம் பிள்ளை எப்படிம்மா இருந்துச்சு?” இதில் மருத்துவ லாபமும் உண்டு. முன் தவணைக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தால் அதே ஊசியைத் திரும்பப் போடக் கூடாது. அந்த விவரம் இந்தக் கேள்வியில்தான் வெளியே வரும். ஆனால் இதில் நடக்கிற வேறொன்றையே நாங்கள் அதிகம் மதிக்கிறோம். அந்தத் தாய் நிமிர்ந்து உட்கார்ந்து பேசத் தொடங்குகிறாள். இரவு முழுக்கத் தூங்காததைச் சொல்கிறாள். துணியை நனைத்துத் துடைத்ததைச் சொல்கிறாள். பேசி முடித்தபின், “இந்தத் தடவையும் அப்படித்தான் இருக்குமா?” என்று கேட்கிறாள். “இருக்கலாம்மா. இந்தாங்க, பிள்ளையோட எடைக்கு இத்தனை சொட்டு. மூணு நாள் தாண்டியும் விடலைன்னா, இல்ல பிள்ளை சோர்ந்து போய்ப் பால் குடிக்கலைன்னா, ராத்திரி ஆனாலும் தூக்கிட்டு வந்துடுங்க, நாங்க இருக்கோம்” என்று மருத்துவர் சொல்கிறார். இப்படிச் சொன்னால், ராத்திரியில் யாராவது இருந்தாக வேண்டும். இருக்கிறோம்.

உங்கள் காணிக்கையில் இதற்குச் செலவாவது அதிகமில்லை. ஊசி போட்டுப் பழகும் பொம்மை இரண்டு வாங்கினோம். ஆசிரியைகளுக்குப் பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும் தருகிறோம். வேறு எதுவும் வாங்க மறுக்கிறார்கள். அடுத்த மாதம் புதிதாக ஆறு மருத்துவர்கள் வருகிறார்கள். இருவருக்குத் தமிழ் தாய்மொழி அல்ல, ஆகவே வழக்கத்தைவிட அதிக வியாழக்கிழமைகள் தேவைப்படும். பாட்டியாகவும் மாமியாராகவும் உட்கார இன்னும் நான்கைந்து பேர் வேண்டும். கோபக்கார மாமனார் ஒருவர் கிடைத்தாலும் நல்லது. உங்களில் யாருக்காவது மதிய வேளை ஓய்வாக இருந்தால் இன்று போகும்போது வாசலில் உள்ள சகோதரியிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.